உளுவையின் ஏழாம் இறக்கம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பற்றவைத்த உருண்டை அது.
உள்ளே மூன்று பேர்.
இடம் இரண்டரைப் பேருக்கு.
உளுவை என்று பெயர் வைத்தவள் அமலோற்பவம்,
காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின்களைத்
திட்டியே ஓடவைத்தவள்.
இதையும் அப்படித்தான் ஓட்டினாள்.

ஆறு முறை இறங்கி ஆறு முறையும்
சேறு பார்த்துத் திரும்பியிருந்தோம்.
ஏழாவது, ஐப்பசியில்.
துறைமுகத்திலிருந்து ஓரிரவுத் தொலைவில்
மழை கறுத்து நின்ற காலை,
கப்பலின் கிரேன் எங்களை
வாணலி ஓரத்தில் வடையை வழுக்கிவிடும் பதத்தில்
கடலுக்குள் விட்டது.

நூறு மீட்டரில் பச்சை போனது.
முந்நூறில் நீலமும்.
எழுநூறில், பகல் என்ற சொல்லை
நோட்டில் எழுதிப் பார்த்தேன்.
யாருடைய கையெழுத்தோ போலிருந்தது.
ஆயிரத்து இருநூறில் மேலோடு முனகியது.
"கம்முனு கெட, உனக்கு மட்டுந்தான் வலிக்குதா?"
சுவரில் ஒரு தட்டு தட்டினாள் அமலோற்பவம்.
அடங்கியது.

மூவாயிரத்தில் கம்பி அறுந்தது.

அறுந்தது என்றுதான் குறித்தேன்.
"அவிழ்ந்தது," என்றான் ரில்வான்,
காதிலிருந்து ஒலிவாங்கியை எடுக்காமல்.
"முடிச்சை யாரோ அவிழ்க்கிறாங்க. பொறுமையா.
பத்து விரலுக்கு மேல இருக்கு."

விழுந்தோம்.
விழுவது என்றால் சத்தம் இருக்குமென்று நினைத்திருந்தேன்.
விளக்கின் வெளிச்சத்தில் மேல்நோக்கிப் பெய்தது
வெள்ளைத் தூசி.
பிறகு சன்னலை மூடிக்கொண்டு ஓர் உறிஞ்சி,
எங்கள் வீட்டு இட்லித் தட்டின் அளவு;
அதன் பக்கத்தில் இன்னொன்று; இன்னொன்று.
ரில்வான் தொழுதான்.
நான் அளவு குறித்தேன், கை அதைத்தான் செய்தது.
அமலோற்பவம் விசைகளிலிருந்து
இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.
"புடிச்சிக்குது. நசுக்கல. பாரு," என்றாள்.

தரையில் எங்களை அது
தூங்கும் பிள்ளையைப் போல இறக்கிவைத்துவிட்டு
ஒதுங்கி நின்றது.

குடங்கள்.

நீலம், ஆரஞ்சு, கிளிப்பச்சை, வாய் உடைந்த ஒரு வெள்ளை.
கூவம் கொண்டுவந்ததோ, அடையாறு வெள்ளமோ.
மிதந்துவிடாமல் ஒவ்வொன்றுக்குள்ளும் கற்கள்.
ஒன்றன்பின் ஒன்றாக, சேற்றின் மேல்,
விளக்கு எட்டும் தூரம் வரை, அதைத் தாண்டியும்.
பாறை வந்த இடத்தில் வரிசை வளைந்தது,
எங்கள் தெருமுனையில் வளைவது போலவே.
நடுநடுவே ஆளில்லாத இடங்களில்
ஒரு செங்கல்.
ஒற்றை ஹவாய் செருப்பு.

லாரி வராத அந்தக் கோடையில்
விடிகாலை மூன்று மணிக்கு
அலைதடுப்புக் கற்களின் இடுக்கிலிருந்து ஒரு கண்
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.
கடலை ஆராய வந்தவர்கள் நாங்கள்.
எங்களைப் பற்றிய ஆராய்ச்சி
இங்கே எப்போதோ முடிந்திருந்தது.
இந்த உயிரினம் குடம் வைக்கும்; பிறகு நிற்கும்.

வரிசையோடு ஊர்ந்தோம், நாநூறு குடம் எண்ணும்வரை.
தலைமாட்டில் குழாய் இல்லை.
பாறையில் ஒரு விரிசல்,
அதிலிருந்து தார்ரோட்டு மதியம் போல
நீருக்குள் நீர் நெளிந்து எழுந்தது.
ரில்வான் கருவியை நீட்டினான்.
எண்ணைப் படித்தான்.
தட்டிவிட்டு மறுபடி படித்தான்.
"உப்பு இல்ல," என்றான்.
குரல் வேறாக இருந்தது.
"நல்ல தண்ணி."

காற்று நாற்பது நிமிடத்துக்கு.
மேலே போக முப்பது.
"இங்கேயே புடிச்சிக்கிட்டுக் கெளம்பலாமே?" என்றேன்.
வரிசையில் குறுக்கே புகுந்தவனை
காசிமேட்டுப் பெண்கள் எப்படிப் பார்ப்பார்களோ
அப்படிப் பார்த்தாள்.
இருட்டில் எட்டு கைகளும் அசையாமல் இருந்தன.

உளுவையைத் திருப்பினாள்.
நாநூறு குடமும் திரும்பக் கடந்து,
இயந்திரக் கையால் எங்கள் மாதிரிக் குடுவையைக்
கடைசிக் குடத்தின் பின்னால்
சரியாக ஒரு சாண் விட்டு வைத்தாள்.
மோட்டாரை அணைத்தாள்.

ஏழு நிமிடம் என்று நோட்டில் இருக்கிறது.
அதற்கு அடுத்த வரி:
முன்னால் ஒரு குடம் நகர்ந்தது.